பார்லி ஊறும் ஒரு மணி நேரம்

அறுபத்தாறு டிகிரி. எழுபத்திரண்டில் இருந்த தண்ணீர், ஐந்து கிலோ பார்லியைக் கொட்டிக் கிளறியதும் புத்தகத்தில் சொன்ன மாதிரியே அறுபத்தாறுக்கு இறங்கி நின்றுவிட்டது. மணி ஒன்பது பத்து. பத்து பத்து வரைக்கும் இப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாக மாறிக்கொள்ளும், நான் கிளற வேண்டியதுகூட இல்லை. அண்டாவை மூடி, பழைய ஜமுக்காளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கயிறும் கட்டிவிட்டு, காய்ச்சல்காரனைப் போர்த்திவிட்ட திருப்தியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் முதன்முதலாகப் பியர் காய்ச்சுகிறேன். டப்பாவில் வரும் பாகைக் கரைத்துச் செய்கிற சோம்பேறிப் பியர் இல்லை, முளைவிட்டு உலர்த்திய முழு பார்லியை வாங்கி, உடைத்து, ஊறவைத்துச் செய்வது. மெல்போர்னில் இதற்கென்றே கடை இருக்கிறது, நேற்று அங்கே நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கை விட்டுப் பார்த்தேன், கடைக்காரன்கூடக் கேட்டான், எந்த பார்லி வேண்டும் என்று, நான் நிறத்தைப் பார்த்துக் காட்டினேன். நிறத்தைப் பார்த்து. ஏன் நிறத்தைப் பார்த்து? சரி, புது இடம், புதுச் சரக்கு, தேயிலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். வெளியே ஜூலை மாதக் குளிர், சமையலறை ஜன்னல் முழுக்க நீராவி. ஹாலில் செண்பகம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், மங்கை சிட்னியில் படிக்கிறாள், சனிக்கிழமை காலை என்றால் அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம். “அத ஏன் கேக்க,” என்கிறாள் செண்பகம், “உங்கப்பா அண்டாவ வச்சுக் கஞ்சி காய்ச்சுதாரு. வீடு பூரா ஒரு மணம்டி. தல சுத்துது. கேப்பையும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுனா வருமே, அப்படி. படியேறுனா மாடி ரூம்லயும் மணக்குது, போர்வைலகூட ஏறிருச்சு.”

நான் சிரித்தேன். இவளுக்கு எதையும் இரண்டு பங்காக்கித்தான் சொல்லத் தெரியும். மணம் என்று ஒன்றும் இல்லை. ஜமுக்காளத்தைக் கொஞ்சம் விலக்கி மூடியைத் தூக்கினேன், ஆவி முகத்தில் அடித்துக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, குனிந்து இழுத்தேன். சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது. வெந்நீர். வெந்நீருக்கு மேல் குனிந்தால் என்ன இருக்குமோ அது. மூடினேன். சூட்டை வீணாக்கக் கூடாது. அவள் ஹாலில் இருக்கிறாள், இடையில் கதவு, நான் அண்டாவுக்கு ஓரடி தூரத்தில். மறுபடியும் திறந்தேன். இந்த முறை தேயிலை பார்க்கிற முறையில், வாயை லேசாகத் திறந்து, மூன்று சிறிய இழுப்பு, ஒரு நீண்ட இழுப்பு, இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருநூறு கோப்பைக்கு மேல் செய்கிற காரியம், குன்னூரில் தொடங்கி இந்த ஊர்த் தேயிலைக் கம்பெனியின் தலைமைச் சுவைஞன் என்கிற நாற்காலி வரைக்கும் என்னைக் கூட்டி வந்த காரியம். ஒன்றுமில்லை. ஜலதோஷமா? மூக்கு அடைக்கவில்லை, காற்று தாராளமாகப் போகிறது, வருகிறது, காலி வீட்டில் போய் வருகிற மாதிரி. ஜன்னலைத் திறந்தேன், ஏன் என்று தெரியவில்லை, காற்று வேண்டும் போல இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பிரோ ரோஜாச் செடிகளைக் கழித்துக்கொண்டிருந்தார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிரேக்கர், எழுபது வயசு. நிமிர்ந்து பார்த்தார். “ரொட்டி சுடுகிறீர்களா? எங்கள் அம்மாவின் அடுப்பு மாதிரி இருக்கிறது. ஒரு துண்டு எனக்கும் வேண்டும்,” என்று இங்கிலீஷில் கத்தினார். குளிர் காற்று, இருபதடி தூரம், கையில் கத்தரிக்கோல், அவருக்கு வருகிறது. “ரொட்டி இல்லை, பியர்,” என்றேன். “அதைவிட நல்லது,” என்றார். நானும் கையைத் தூக்கினேன், சிரித்தேனா என்று தெரியாது, ஜன்னலை மூடினேன். மணி ஒன்பது இருபத்தொன்று.

பெருங்காயம். பெருங்காய டப்பாவைத் திறந்தால் செத்தவனும் எழுந்து உட்காருவான் என்று செண்பகமே சொல்வாள், இரண்டு மூடி போட்டு அதை ஒரு பையில் வைத்து அந்தப் பையை இன்னொரு டப்பாவில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்து மூக்குக்கு நேரே பிடித்தேன். மஞ்சளாக ஒரு தூள் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. காப்பித் தூள். கறுப்பாக இருக்கிறது. சாமி அலமாரியில் இருந்து கற்பூரம் எடுத்து வந்தேன், உள்ளங்கையில் நசுக்கிக் கையை முகத்தோடு வைத்து அழுத்தினேன், குளுகுளு என்று ஒன்று ஏறியது, ஐயோ வந்துவிட்டது, வந்துவிட்டது, முட்டாள், நான் என்ன பயந்துவிட்டேன், உடனே தைல பாட்டிலையும் திறந்து இரண்டு துவாரத்திலும் தடவினேன், சுள்ளென்று எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது, அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் நானே சொல்கிற பாடம் இது: எரிவது மணமில்லை, குளிர்வது மணமில்லை, அதெல்லாம் தோலின் வேலை, கண்ணில் மிளகாய் பட்டால் தெரிவது போல, அதற்கு வேறு நரம்பு. மூக்கு செத்தவனுக்கும் தைலம் எரியும். நானே சொல்லியிருக்கிறேன். ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். கற்பூரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தைலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் என்ன? அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். கொரோனா வந்தபோது பதினொரு நாள் போய்த் திரும்பி வந்தது. அப்போது போனது தெரிந்தது, விளக்கை அணைத்த மாதிரி பொசுக்கென்று, நான் அலறினேன், லீவு போட்டேன், பன்னிரண்டாம் நாள் காலை சோப்பு மணத்தில் உட்கார்ந்து அழுதேன். இது அப்படி இல்லை. இது எப்போது போனது? யாராவது வீட்டுக்குள் வந்து ஒரு நாளைக்கு ஒரு சாமானாக எடுத்துப்போயிருக்கிறார்கள், நான் இன்றைக்கு நிமிர்ந்து பார்க்கிறேன், வெறும் சுவர்.

இல்லை, இருக்க முடியாது, நேற்று வரைக்கும் வேலை பார்த்திருக்கிறேனே. நேற்று வெள்ளிக்கிழமை, கடைசி வரிசை மட்டும் நாற்பத்தெட்டுக் கோப்பை, என் உதவியாள் ரோசினோடு. எப்படிப் பார்த்தேன்? யோசி. முதலில் நிறம். பிறகு உறிஞ்சினேன், துவர்ப்பு, கசப்பு, நாக்கில் கனம், இதெல்லாம் இருந்தது, நாக்கு நாக்காக இருக்கிறது. பிறகு? பிறகு ரோசின் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் நான் சொல்லி முடிக்கும்வரை வாயே திறக்காத பெண், இப்போதெல்லாம் எனக்கு முன்னால் நின்று, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் பச்சை வாடை, இல்லையா?” என்கிறாள், நான் “ஆமாம்” என்கிறேன். “இதில் மரம், கடைசியில் தேன்.” “ஆமாம்.” பெண் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். சம்பள உயர்வுக்குப் பரிந்துரைகூட எழுதினேன். போன மாதம் அவள் லீவில் இருந்தபோது நான் தனியாகப் பாஸ் செய்த சரக்கில் புகை வாடை என்று அறுநூறு பெட்டி திரும்பி வந்தது, கப்பலில் ஏதோ ஆகியிருக்கும் என்று நான் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ரோசின் மட்டும் எதுவும் சொல்லாமல் என் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஏன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்? அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் முன்னால் நிற்கிறாள். தெரியாத குழந்தைக்கு எழுத்தைக் கைபிடித்து எழுதுவிப்பது போல. என் கையைப் பிடித்து. கன்னம் எரிந்தது, தைலம் அங்கே தடவவில்லை. ஆறு மாதமாகத் தேயிலை எனக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லாக் கோப்பையும் ஒன்று போல இருக்கிறது, வயசாகிறது, மனுஷனுக்கு ஒரு புது விஷயம் வேண்டும் என்று இந்த அண்டாவையும் தெர்மாமீட்டரையும் வாங்கினேன். சலிக்கவில்லை. அது அங்கே இல்லை. இல்லாததைச் சலிப்பு என்று பெயர் வைத்து நான் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கியிருக்கிறேன்.

ஒன்பது முப்பத்தெட்டு. தெர்மாமீட்டரில் அறுபத்தைந்தே முக்கால், நன்றாக நிற்கிறது, இதை மட்டும் நினை, பார்லியை மட்டும் நினை. அரை மணியானால் ஒரு சொட்டுச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறது, கறுத்தால் மாவு இன்னும் இருக்கிறது, கறுக்காவிட்டால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. விட்டேன். நீலமாகக் கறுத்தது. இன்னும் ஆகவில்லை. கண்ணால் பார்க்கிற சோதனை, எவ்வளவு நிம்மதி. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிக்கிறது! கொஞ்சமாக, ஆனால் இனிக்கிறது. எதன் இனிப்பு? சீனித்தண்ணி என்றால் சீனித்தண்ணி, பழம் என்றால் பழம், பார்லி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை, பெயர் எழுதாத தபால். அயோடின் பாட்டிலை மூடும்போதுதான் அந்த அறை வந்தது. இவ்வளவு நேரம் அதை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தேன், இப்போது தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மதுரை, நரம்பு டாக்டரின் அறை, மூன்று வருஷத்துக்கு முன்னால். என் அண்ணன் வேலாயுதம் நாற்காலியில், வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத பணத்தை எண்ணிக்கொண்டே இருந்தன, பக்கத்தில் அண்ணி, பின்னால் நானும் செண்பகமும் நின்றுகொண்டிருந்தோம், ஊருக்குப் போயிருந்த சமயம். டாக்டர் கையைப் பார்க்கவே இல்லை. “வாசனை எப்ப போச்சு?” என்றார். அண்ணன் சிரித்தான். “வாசனையா? கைக்குத்தான சார் வந்தோம்.” அண்ணிதான் சொன்னாள்: “அது போய் நாலஞ்சு வருஷம் இருக்கும் சார். சிலிண்டர் கசிஞ்சு தெருவே மணக்கு, இவுக பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாக.” டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது நான் அவரிடம் கேட்டேன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று. “சில பேருக்குக் கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூக்கு போயிடும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?” இல்லை என்றேன். பெருமையாகச் சொன்னேன். எனக்கு மூக்குதான் சார் பிழைப்பு என்றேன். அந்த அறையின் பினாயில், டாக்டரின் சட்டையில் கஞ்சி, அண்ணி தலையில் இருந்த பிச்சிப்பூ, எல்லாம் தனித்தனியாக எனக்கு வந்துகொண்டிருந்தது, வேலாயுதத்துக்கு வராதது எனக்கு வருகிறது என்று, தம்பிக்கு இருக்கக் கூடாத ஒரு சந்தோஷம்கூட, ஆமாம், இருந்தது.

கையை நீட்டிப் பார்த்தேன். வலது கை. விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில். நிற்கிறது. நிற்கிறதா? பார்க்கப் பார்க்கச் சுண்டுவிரல் அசைகிற மாதிரி இருக்கிறது, உற்றுப் பார்த்தால் எதுதான் அசையாது, ஜன்னல் சட்டமே அசைகிறது. மூக்கு போனவர்கள் எல்லாருக்கும் அண்ணனின் நடுக்குவாதம் வருவதில்லை. எத்தனையோ காரணம். கொரோனாவின் மிச்சமாக இருக்கலாம், மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கலாம், வயசு, வெறும் வயசு. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அண்ணனின் இரண்டு விரல் எண்ணிக்கொண்டே வருகிறது. அவனுக்கு அறுபத்தொன்று. இப்போது சட்டைப் பொத்தான் அண்ணி போடுகிறாள். போன வாரம் வீடியோவில் பேசினான், முகம் அசையவில்லை, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன் என்று அசையாத முகத்தோடு சொன்னான். நான் என்ன செய்வேன்? ரோசினிடம் என்ன சொல்வேன்? செண்பகத்திடம்? இவளிடம் சொல்லவே கூடாது. திங்கட்கிழமை வழக்கம்போலப் போவேன், நிறம் பார்ப்பேன், ஆமாம் என்பேன், இன்னும் ஒரு வருஷம், மங்கையின் படிப்பு முடிகிறவரைக்கும், எத்தனை பேர் எதை எதையெல்லாம் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அறுநூறு பெட்டி. ஆனால் ரோசின் வைத்த அந்தத் தண்ணீர். மறுபடி தட்டு, மறுபடி ஒரு சொட்டு, அயோடின். கறுக்கவில்லை. தேன் நிறத்தில் அப்படியே நின்றது. மாவு போய்விட்டது, முழுக்கச் சர்க்கரை. யாரும் கிளறாமல், யாருக்கும் தெரியாமல், போர்வைக்குள்ளேயே ஒன்று இன்னொன்றாக மாறி முடிந்துவிட்டது. மணி பத்து பத்து.

பையைத் தூக்க வேண்டும். பார்லி முழுக்க ஒரு பெரிய வலைத்துணிப் பைக்குள் இருக்கிறது, ஊறிய பிறகு அது ஒரு ஆட்டுக்குட்டி கனம், ஒருவர் தூக்கிப் பிடிக்க முடியாது. முகத்தைக் கழுவினேன். “செண்பகம், கொஞ்சம் வாயேன். ஒரு கை பிடிக்கணும்.” போனை வைத்துவிட்டு வந்தாள், சேலையைச் செருகிக்கொண்டே. ஆளுக்கொரு பக்கம் பையின் காதைப் பிடித்துத் தூக்கினோம், பழுப்புச் சாறு கயிறு கயிறாக அண்டாவுக்குள் இறங்கியது. அவள் சாற்றைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருங்காய டப்பா திறந்து கிடந்தது, அதன் இரண்டு மூடிகளும் தனித்தனியாக. காப்பித் தூள். நசுக்கின கற்பூரம். தைலம். எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அவள் கண் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் என் மூக்குக்குக் கீழே பளபளத்த தைலத்தில் வந்து நின்றது.

“தெரிஞ்சுபோச்சா?” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பையிலிருந்து சாறு சொட்டிக்கொண்டே இருந்தது. என்ன தெரிஞ்சுபோச்சு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நொடியில் இவளுக்கு முன்பே தெரியும் என்று புரிந்துவிட்டது. சொல்லவே கூடாது என்று நான் இங்கே உட்கார்ந்து திட்டம் போட்டது யாரிடம்? “உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?” என்றேன்.

“பங்குனிலருந்து. பால அடுப்புல வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். வந்து பார்த்தா சட்டி கரிஞ்சு அடி ஓட்டை. இந்த ஸ்டூல்ல உக்காந்து லேப்டாப் பாத்துட்டு இருக்கீங்க. நான் அடுப்ப அணைச்சேன், நீங்க என்னன்னுகூடத் திரும்பல.” அவள் கை நழுவியது, மறுபடி இறுக்கிப் பிடித்தாள். “அன்னைக்கு மதுரைல நானும்தான நின்னேன். அந்த டாக்டர் கேட்டது எனக்கும் காதுல விழுந்துச்சுல்லா.”

“நாலு மாசமா. ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்ல?” என்று கத்திவிட்டாள். “உங்க மூக்குல கோளாறுன்னு நான் உங்ககிட்ட எப்படிங்க சொல்ல? நானு! ரசம் வச்சா, கொத்தமல்லி நேத்து வாங்குனதான்னு கேக்க ஆளு நீங்க. பங்குனிக்கப்புறம் ஒரு நாள் கேட்டீங்களா? ஒவ்வொரு நாளும் இன்னைக்காவது குறை சொல்லுவாருன்னு வாயவே பாத்துட்டு இருப்பேன். நல்லாருக்குன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க.” மூச்சு வாங்கினாள். “டாக்டர்ட்ட நேரம் வாங்கிருக்கேன். நரம்பு டாக்டரு. வர்ற இருபத்தொம்பதாந் தேதி. உங்கள என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போகன்னுதான் தெரியல. எனக்குத் தலைவலின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவமான்னு மங்கைட்ட கேட்டுக்கிட்டிருந்தேன், இப்பம், போன்ல.”

மங்கைக்கும் தெரியும். ஹாலில் இருந்து வந்த குரல்கள், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, நான் வம்பு என்று நினைத்தவை. ஒரு வீடே என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்திருக்கிறது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை, கை வலிதான் வந்தது. பையைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் கனத்தில் நடுங்கின, என்னுடையதும் அவளுடையதும், எது எவருடையது என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. “போதும், இறக்கு,” என்றேன். பாத்திரத் தொட்டியில் பையை வைத்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இத என்ன செய்யப் போறீங்க? கொட்டிரவா?”

“கொட்டவா? இனிமேத்தான் கொதிக்கவிடணும். ஒரு மணி நேரம்.”

“உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. பொறவு எதுக்கு?”

அடுப்பைப் பெரிதாக வைத்தேன். இருவரும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். திங்கட்கிழமை ரோசினிடம் நானே சொல்லிவிடுகிறேன், அவள் மறுபடி முன்னால் வந்து நிற்பதற்கு முன்னால், என்றேன். வேலை? என்றாள். போகும், அல்லது வேறு ஏதாவது கொடுப்பார்கள், எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை என்றேன். அவள் சரி என்றாள். சாறு விளிம்பில் முணுமுணுத்து, நடுவில் குமிழ்விட்டு, திடீரென்று நுரை திரண்டு மூடியளவுக்கு எழுந்தது. “பொங்குது, பொங்குது!” என்று அவள் பாய்ந்து ஊதினாள், நான் தீயைக் குறைத்தேன், நுரை முனகிக்கொண்டே இறங்கியது. ஹாப்ஸ் பொட்டலத்தைக் கிழித்தேன், பூவை உலர்த்தி உருண்டையாக அழுத்தின பச்சைத் துணுக்குகள், அத்தனையும் கொட்டினேன். பச்சை கரைந்து மேலே பரவியது. ஆவி கிளம்பி எங்கள் இருவர் முகத்திலும் ஒரே மாதிரி பட்டது. அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள், கண்ணைச் சுருக்கினாள். அவளுக்குள் ஏதோ நுழைந்துவிட்டது.

“என்ன?” என்றேன்.

“எனக்கு உங்கள மாதிரியெல்லாம் சொல்லத் தெரியாதுங்க.”

“தெரிஞ்ச மாதிரி சொல்லு.”

மறுபடி குனிந்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக நான் அவள் மூக்கைப் பார்த்தேன், இழுக்கும்போது அது லேசாக இடது பக்கம் சுளிக்கிறது. “எலுமிச்சங்காத் தோலு,” என்றாள். “இல்ல. எலுமிச்சை இல்ல. ஏதோ செடியக் கசக்குனாப்ல… கசப்பா, ஆனா கசப்புக்குள்ள…” நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். என்னைப் பார்த்தாள், பயந்த மாதிரி, பரீட்சையில் உட்கார்ந்தவள் மாதிரி.

“அவசரமில்ல,” என்றேன். “நல்லா இழுத்துப் பாத்துட்டுச் சொல்லு.”